நெய்தலில் ஒரு சிற்றூர்: கீழ்புத்துப்பட்டு



புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிச் செல்வோர், காலாப்பட்டில் பல்கலைக்கழகத்தையும் அதனை அடுத்துக் கணபதிசெட்டிகுளத்தையும் கடந்ததும், புதுவை எல்லை முடிந்து தமிழகம் மீண்டும் தொடங்கும் இடத்தில் ஒரு சிற்றூரைக் காண்பர். விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் ஒன்றியத்தைச் சேர்ந்த கீழ்புத்துப்பட்டு அது. பேருந்தில் செல்வோர்க்கு அவ்வூர் ஓரிரு நிமிடக் காட்சி. கோயிலுக்குச் செல்வோர்க்கு அரைநாள் பயணம். அங்கேயே வாழ்வோரிலோ இருவகையினர் உளர். நிலத்தோடு பிறந்தவர் ஒரு வகையினர். கடல் கடந்து வந்து, முப்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும் நிலத்தின்மீது உரிமை பெறாதவர் மற்றொரு வகையினர். நிலமும் பொழுதும் முதற்பொருள் என வகுத்த மரபில் வந்தவர்கள் இவ்வூரைப் பற்றிப் பேசப் புகுந்தால், ஒரு வினாவை எதிர்கொள்ளாமல் இயலாது. நிலமில்லாத மக்களுக்கு எது முதற்பொருள்?

ஊர்ப்பெயரிலிருந்து தொடங்கலாம். பழந்தமிழில் கீழ் என்பது கிழக்கு, மேல் என்பது மேற்கு. நிலம் கடலை நோக்கிச் சரியும் இக்கரையில் அச்சொற்கள் இன்றும் பொருந்தி நிற்கின்றன. புத்து என்பது புற்று என்பதன் மக்கள் வழக்கு. புதிய குடியிருப்பு எனப் பொருள் கொள்ளவும் இடமுண்டு. பட்டு என்னும் ஈறு பற்று என்பதன் திரிபு என்பார் உளர். அவ்வாறு கொண்டால், நில உரிமையைக் குறிக்கும் சொல்லொன்று பற்றில்லாதவர்கள் வாழும் ஊரின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது எனலாம். கீழ்ப்பாக்கம் என ஒற்று மிகுத்து எழுதும் தமிழர், கீழ்புத்துப்பட்டு என ஒற்றின்றி எழுதுவது கண்டு இலக்கண ஆசிரியர் முகம் சுளிக்கக்கூடும். அரசு ஆவணங்கள் அவ்வாறே எழுதுகின்றன. ஊர் தன் பெயரை எவ்வாறு எழுதுகிறதோ அவ்வாறு எழுதுவதே முறை.

இச்சிற்றூரின் பெயரைப் பிற ஊர்களுக்குக் கொண்டு சென்றது மஞ்சனீசுவரர் ஐயனார் கோயில். பூரணை, புட்கலை ஆகியோருடன் வீற்றிருக்கும் இத்தெய்வத்தைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பங்கள் சுற்றுப்புற மாவட்டங்களில் பலவுண்டு. பிள்ளைக்கு முடி இறக்கவும் காது குத்தவும் அவர்கள் இங்கு வருவர். மஞ்சினி என்னும் ஆண் பெயரை இவ்வட்டாரத்தில் கேட்க நேர்ந்தால், அப்பெயருக்குரியவரின் பாட்டனோ பூட்டனோ இத்தெய்வத்தின் முன் நின்று நேர்ந்துகொண்டவராக இருக்கலாம்.

கோயிலைச் சூழ்ந்து ஒரு காடு உண்டு. சோழமண்டலக் கரையோரத்துக்கே உரிய உலர்நிலப் பசுமைமாறாக் காட்டின் எச்சம் அது. அவ்வகைக் காடு இக்கரையின் பெரும்பகுதியில் விளைநிலமாகவும் சவுக்குத் தோப்பாகவும் முந்திரித் தோட்டமாகவும் மாறிவிட்டது. எஞ்சியதில் பெரும்பகுதி கோயில் காடாகவே எஞ்சியது. அண்டையிலுள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தின் சூழலியல் ஆய்வாளர்கள் இப்புத்துப்பட்டுக் காட்டின் மரங்களையும் கொடிகளையும் 1990-களில் கணக்கெடுத்து எழுதியுள்ளனர். இங்கு மிகுந்து வளரும் மரங்களுள் ஒன்று காசா. சங்க இலக்கியம் காயா எனப் போற்றியது இதனையே என்பர். மாயோன் மேனிக்கு உவமையான அந்நீலப் பூவை ஒருமுறையும் காணாமலே கவிதையில் பூக்கவைத்த புலவர்கள் தமிழ்நாட்டில் பலர். அவர்களுள் சிலர் இக்காட்டுக்குப் பக்கத்திலேயே வாழ்கின்றனர் என்பதுதான் வியப்பு.

காயா முல்லைக்குரியது. ஊரோ கடலோரத்தது. நெய்தலுக்கு வருணனைத் தெய்வமாகச் சொல்லும் தொல்காப்பியம். இங்கோ குதிரை ஏறிய ஐயனார் காவல் நிற்கிறார். திணைகள் மயங்கும் என்பதைத் தொல்காப்பியரே ஒப்புக்கொண்டமையால் இதில் குற்றமில்லை. நிலம் நூலைப் படித்துவிட்டு அமைவதில்லையே.

இவ்வூரின் வடக்கே, அதே சாலையில், மரக்காணத்து உப்பளங்கள் தொடங்குகின்றன. கீழ்புத்துப்பட்டைப் பற்றிப் பேச அவற்றையும் சேர்த்தே பேசவேண்டும். இக்கரை முழுமைக்கும் முகமாக இருப்பது உப்பே. மேற்கே கழுவெளி என்னும் பரந்த உவர்நீர்ப் பரப்பு. மழைக்காலத்தில் ஏரிகளின் மிகைநீரைப் பெற்று இனித்தும், கோடையில் கடல்நீர் ஏறிக் கரித்தும் கிடக்கும் நீர்நிலை அது. 2021-இல் தமிழக அரசு அதனைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தது. எடையந்திட்டு முகத்துவாரத்தின் வழியே அது கடலோடு கலக்கிறது. ஆங்கிலேயர் காலத்துப் பக்கிங்காம் கால்வாயும் தெற்கே இவ்வட்டாரம் வரை வந்தே முடிகிறது. உவர்நீரும் வெயிலும் காற்றும் களிமண்ணும் ஒருங்கே வாய்த்த இடமாதலின் அளம் இங்கே அமைந்தது.

உப்பு விளைவதைக் கவிஞர்கள் நெருங்கி நின்று காண்பது நன்று. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவை யாவும் சோற்றில் இடும் உப்பு அல்ல. நீரைப் பாத்தி பாத்தியாகக் கடத்தி வெயிலில் வற்றவைக்கும்போது முதலில் சுண்ணச்சத்து படியும். பின்னர் ஜிப்சம் படியும். போமே அளவில் மூன்று பாகையை ஒட்டி இருந்த நீர் இருபத்தைந்தை எட்டும்போதுதான் உப்பு மணி பூக்கும். அந்நீரை முற்றிலும் வற்றவிட்டால் கசப்பு உப்புகளும் கூடிவிடும். ஆதலின் இறுதிக் கசப்புநீரை வடித்துவிடவேண்டும். எந்த நீரை எப்போது எந்தப் பாத்திக்கு விடுவது, எப்போது வாருவது என்னும் முடிவில்தான் தொழிலாளியின் அறிவு இருக்கிறது. அதற்கும் முன்பே, பருவத் தொடக்கத்தில், பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கவேண்டும். தரை இறுகாவிடில் நீர் உள்ளிறங்கும், உப்பில் மண் கலக்கும். வெண்மையான உப்பின் அடியில் மனிதர் கால் இருக்கிறது. கவியரங்குகளில் உப்பும் கண்ணீரும் ஒப்புமை பெறாத ஆண்டு இல்லை. ஆயினும் பாத்தி மிதித்த கால் அங்கே ஏறியதாகத் தெரியவில்லை.

பண்டை இலக்கியம் இத்தொழிலை நன்கறியும். அளத்தில் உப்பு விளைவிப்போரை உழுதலின்றிப் பயிர்செய்வோராக நற்றிணை கண்டது. நெல்லுக்கு நிகராக உப்பு மாறிய செய்தியை அம்மூவனார் அகநானூற்றில் பாடினார். சிறுபாணாற்றுப்படையோ இக்கரைக்கே உரிய பாட்டு. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் பாணனுக்கு வழிசொல்லும் நத்தத்தனார், உப்பு வண்டிகளோடு செல்லும் உமணரையும், அவர் பிள்ளைகளோடு விளையாடும் மந்தியையும் காட்டுகிறார். பின் எயிற்பட்டினத்துக்கு அழைத்துச் செல்கிறார். எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்பது ஆய்வாளர் பலர் முடிபு. அங்கே நுளைமகள் ஒருத்தி, முன்பின் அறியாத பாணனுக்குத் தேறலும் சுட்ட மீனும் தருகிறாள். எந்த ஊரினன், எதற்கு வந்தான், எத்தனை நாள் தங்குவான் என அவள் விசாரித்ததாகப் பாட்டில் இல்லை.

இன்றும் அளம் இருக்கிறது, உப்பு விளைகிறது. ஆனால் உமணர் என்னும் சொல் வகுப்பறைக்குள் ஒதுங்கிவிட்டது. அதன் இடத்தில் உப்பளத் தொழிலாளி என்னும் அலுவலகச் சொல் நிற்கிறது. தொழிலாளர் வாயிலுள்ள சொற்கள் வேறு: பாத்தி மிதித்தல், உப்பு வாருதல், வாருபலகை, அம்பாரம். இவை அகராதிக்குள்ளோ கவிதைக்குள்ளோ போதுமான அளவு வந்து சேரவில்லை. தூத்துக்குடி அளத்துக்கு ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ வாய்த்தது. அதற்கு நிகரானதொரு புதினத்தைப் பெறும் தகுதி மரக்காணத்து அளத்துக்கும் உண்டு.

மழையைப் பற்றி ஒரு சொல். வான்சிறப்பு பாடி நூல் தொடங்குவது தமிழ் மரபு. அளத்திலோ மழை என்பது வேலையின்மை. வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது உப்பெடுப்பு நிற்கும். அது ஓய்ந்து பாத்திகள் சீராகும் வரை கூலி இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தபோது, இவ்வட்டாரத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. பாத்தி எது, கழி எது, வயல் எது எனப் பிரித்தறிய இயலாத நீர்ப்பரப்பாயிற்று இக்கரை. மாமழை போற்றும் மரபினர் இதனையும் ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி முகாம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் ஈழத்தமிழர் படகேறித் தமிழகக் கரையை அடையத் தொடங்கினர். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது இரண்டாம் அலை வந்தது. 1996-லும் 2006-லும் பின்னைய அலைகள் வந்தன. இக்காலம் முழுவதிலும் வந்தோர் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர். திரும்பியவரும் பிறநாடு சென்றவரும் போக, 2021-இல் தமிழகத்தில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் 58,000-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்து வந்தனர். அம்முகாம்களுள் ஒன்று கீழ்புத்துப்பட்டில் உள்ளது. ஐயனார் கோயிலுக்குப் பொங்கல் வைக்க வருவோரும் கடற்கரைச் சாலையில் காரில் விரைவோரும் அதனை அறிந்தும் அறியாமலும் கடக்கின்றனர்.

தமிழக முகாம்களின் பழைய குடில்கள் பெரும்பாலும் பத்தடிக்குப் பத்தடி. தற்காலிகம் எனக் கட்டப்பட்ட அவற்றில் திருமணங்கள் நடந்தன, பிள்ளைகள் பிறந்தனர், அப்பிள்ளைகளுக்கும் பிள்ளைகள் பிறந்தனர். மாதந்தோறும் கணக்கெடுப்பில் முகம் காட்டி உதவித்தொகை பெறவேண்டும். ஆடவர் பலருக்குக் கட்டடங்களுக்கு வண்ணம் பூசும் வேலையே வாழ்வாதாரம். தமக்கெனச் சுவர் இல்லாதவர் பிறர் சுவரை அழகு செய்கின்றனர். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு, பழுதுற்ற 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தர முடிவு செய்தது. அகதிகள் முகாம் என்னும் பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என மாற்றியதும் அப்போதுதான்.

அகதி என்பது வடசொல்; கதியற்றவர் என்பது பொருள். அதற்கு மாற்றாக ஏதிலி என்னும் சொல்லைச் சிலர் வழங்குகின்றனர். சங்க இலக்கியத்தில் ஏதிலாளர் என்பது அயலாரைக் குறிக்கும் சொல். உறவினரைக் குறிக்க அதனை எடுத்தாள்வதில் ஓர் உறுத்தல் இருக்கிறது. மறுவாழ்வு என்பது கேட்க இனிது. பெயரை மாற்றியதில் அன்பும் உண்டு. ஆனால் சட்டம் இச்சொற்களுள் எதனையும் அறியாது. 1951-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள். அதன்பின் பிறந்தவர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியராதல் வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் விதி மேலும் இறுகியது. 1990-க்குப் பின் முகாமில் பிறந்த பிள்ளை, ஈழத்தை ஒருநாளும் காணாதபோதிலும், பெற்றோர் இருவரும் அகதிகளாயின் சட்டத்தின் கண்ணில் இலங்கையரே. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட ஈழத்தமிழர்க்கு, உரிய ஆவணமின்றித் தங்கியமைக்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து நடுவணரசு 2025 செப்டம்பரில் விலக்களித்தது. தண்டனை இல்லை என்பது ஓர் ஆறுதல். குடியுரிமை என்பது வேறு.

அடைக்கலம் தேடி அலைந்தோரைத் தமிழ்க் கவிதை கண்ட பழங்கதை ஒன்றும் பழைய தென்னார்க்காட்டு மண்ணோடு தொடர்புடையது. பறம்பு வீழ்ந்தபின் பாரி மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு கபிலர் விச்சிக்கோனிடம் சென்றார், இருங்கோவேளிடம் சென்றார். இருவரும் ஏற்கவில்லை. அப்பெண்களின் குலத்தையும் தந்தையின் கொடையையும் எடுத்துரைத்து அவர் பாடிய பாட்டுகள் புறநானூற்றில் உள்ளன. சான்றோர் ஒருவர் எழுதிய விண்ணப்பங்கள் என்றே அவற்றைப் படிக்கலாம். இறுதியில் பாரி மகளை மலையனுக்கு அளித்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் எனத் திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலிலுள்ள இராசராசன் காலக் கல்வெட்டு கூறுகிறது. பெண்ணையாற்றில் கபிலர் குன்று இன்றும் நிற்கிறது. 1993-இல் மாவட்டம் பிரிவதற்கு முன் தென்னார்க்காட்டின் மேற்குப் பகுதியில் திருக்கோவலூரும் கிழக்கில் இக்கடற்கரையும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தன.

பாரி மகளிர் பெயரால் வழங்கும் பாட்டு மிகச் சிறியது. தம்மை ஏதிலியர் என்றோ கதியற்றோர் என்றோ அவர்கள் சொல்லிக்கொள்வதில்லை. ஒரு நிலாநாள், ஒரு குன்று, ஒரு தந்தை. இருந்ததையும் இல்லாததையும் பெயர் சொல்லி நிறுத்திவிடுகின்றனர். ஈழத்தார் துயரைப் பாடும் தமிழகக் கவிதைகள் பல இதற்கு நேர்மாறாக அமைந்துள்ளன. கடல், குருதி, தொப்புள்கொடி எனப் பெருஞ்சொற்கள் அடுக்கப்படுகின்றன. ஓர் ஊரின் பெயர் இல்லை, ஒரு மரத்தின் பெயர் இல்லை. பாடுவோரின் நெஞ்சம் தூயதே. ஆனால் பாடப்பட்டவர் அப்பாட்டில் தம் வீட்டை அடையாளம் காண இயலாது. 1990-இல் வந்து முகாமில் வாழ்ந்த தொ. பத்தினாதன் ‘போரின் மறுபக்கம்’ என்னும் தன்வரலாற்றை 2007-இல் வெளியிட்டார். அதில் வரிசையும் பதிவும் பசியும் உள்ளவாறே வருகின்றன, பெருஞ்சொற்கள் குறைவு. உள்ளிருப்போர் அவ்வாறுதான் எழுதுகின்றனர்.

முகாம்களில் முதியோர் பேச்சைச் சற்றுக் கேட்டால் ஒன்று புலனாகும். பேசுவதைக் கதைத்தல் என்பர். வீட்டைச் சூழ்ந்த நிலத்தை வளவு என்பர். வேலியில் அமைந்த கதவைப் படலை என்பர். பத்தடிக் குடிலுக்கு வளவு ஏது? வேலி இல்லாத இடத்தில் படலை ஏது? சொல் மட்டும் கடல் கடந்து வந்துவிட்டது, பொருள் வரவில்லை. இங்கே பிறந்த பிள்ளைகள் தெருவிலும் பள்ளியிலும் விழுப்புரத்துத் தமிழையும் வீட்டில் பாட்டியின் தமிழையும் பேசி வளர்கின்றனர். வளவு என்னும் சொல் அவர்கள் காதில் விழும்; அதனைச் சொல்லிக் கைநீட்டிக் காட்ட அங்கே ஒன்றுமில்லை. அளத்தில் பொருள் இருக்கிறது, இலக்கியம் அதற்கிட்ட சொல் போய்விட்டது. முகாமில் சொல் இருக்கிறது, பொருள் போய்விட்டது. இவை இரண்டும் ஒரே சாலையில், சில கல் தொலைவில் நிகழ்கின்றன.

ஒன்று மட்டும் இருபுறமும் மாறாது நிற்கிறது. ஈழத்து வன்னியில் குளக்கட்டுகளில் ஐயனாரை வைத்து வழிபடுவர். குளமும் வயலும் அவர் காவலில் உள்ளவை. அப்பகுதிகளிலிருந்து தமிழகம் வந்த உழவர்க்கு இக்கரையின் ஐயனார் அயல்தெய்வம் அல்லர். அடைக்கலம் தேடி வந்தவனைப் பதிவேட்டில் எழுதிக்கொண்ட பிறகே காக்கும் தெய்வம் என அவரைப் பற்றி எவரும் சொல்லக் கேட்டதில்லை.

இலக்கிய வட்டத்தின் முன் வைக்கத்தக்க வேலை ஒன்று உண்டு. அது காலம் தாழ்த்த இயலாதது. 1990-இல் நாற்பது வயதில் படகேறியவர் இன்று எழுபத்தைந்தைக் கடந்துவிட்டார். அளத்தில் பாத்தி மிதித்து முதிர்ந்தவர்களின் பிள்ளைகள் வேறு தொழில் தேடி நகரங்களுக்குச் சென்றுகொண்டிருக்கின்றனர். பதினொன்றாம் ஆண்டில் ஒரு கவியரங்கத்தைக் குறைத்துக்கொண்டு, உறுப்பினர் இருவர் மூவராக மரக்காணத்து அளத்துக்கும், உரிய இசைவு பெற்றுக் கீழ்புத்துப்பட்டு முகாமுக்கும் செல்லலாம். கையில் பாட்டு வேண்டா, குறிப்பேடு போதும். மாலையில் செல்வதே ஏற்றது. பகலில் அளத்திலும் வேலை, முகாமிலும் வேலை.

சொற்களைத் தொகுக்கும்போது சொன்னவர் பிறந்த ஊரைக் குறிக்கவேண்டும். பொருள் எழுதும்போது அவசரம் கூடாது. படலை எனக் குறித்து, எதிரே வாயிற்கதவு என எழுதிவிட்டால் வேலை முடிந்துவிடாது. பனைமட்டையா, பலகையா, முள்ளா, எப்பக்கம் திறந்தது, இரவில் எதைக்கொண்டு கட்டினர், கடைசியாக அதனைச் சாத்திவிட்டுப் புறப்பட்டவர் வீட்டில் யார் என்பவற்றையும் கேட்டு எழுதவேண்டும்.